ஆறு சாவுகள், ஒரே ஒரு போஸ்ட்மார்ட்டம்

2011 செப்டம்பர் 30 இரவு. கோழிக்கோடு மாவட்டம் கூடத்தாயியில் ஒரு வீட்டின் குளியலறை உள்ளே தாழிட்டுக் கிடந்தது. கதவை உடைத்துப் பார்த்தபோது அந்த வீட்டு ஆண் தரையில் விழுந்து கிடந்தார், வயது நாற்பதுதான். உறவினர்களிடம் மாரடைப்பு என்று சொல்லப்பட்டது. இறந்தவரின் தாய்மாமன் மட்டும் அதை ஏற்கவில்லை. போஸ்ட்மார்ட்டம் செய்தே ஆக வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். செய்தார்கள். உடலில் சயனைடு இருந்தது. இரைப்பையில் செரிக்காத சோறும் கடலைக்கறியும் இருந்தன. அதாவது, சாவதற்குக் கொஞ்ச நேரம் முன்புதான் அவர் சாப்பிட்டிருக்கிறார். மனைவி சொன்னதோ வேறு. கணவர் சாப்பிடாமலே குளியலறைக்குப் போனார், அப்போது தான் அடுக்களையில் ஆம்லெட் போட்டுக்கொண்டிருந்தேன் என்பது அவர் சொன்ன கதை. இந்த இரண்டும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாது என்பதைக் கண்டுபிடிக்க ஷெர்லாக் ஹோம்ஸ் வேண்டாம், இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கிற ஒரு ஆள் போதும். அப்படி யாரும் படிக்கவில்லை. தற்கொலை என்று எழுதிக் கோப்பை மூடினார்கள். எட்டு வருஷம் அது மூடியே கிடந்தது.

கூடத்தாயி வழக்கைப் பற்றி இதுவரை எழுதப்பட்டவற்றில் பெரும்பகுதி இறந்தவரின் மனைவி ஜாலி ஜோசப்பைச் சுற்றியே வருகிறது. அவர் எப்படிச் சிரித்தார், எப்படிப் பொய் சொன்னார், எப்படிக் கோயிலுக்குப் போனார் என்பதுதான் பத்திரிகைகளுக்கும் தொலைக்காட்சிக்கும் தீனி. 2023இல் நெட்ஃபிளிக்ஸ் ஒரு ஆவணப்படமே வெளியிட்டது. எனக்கு அந்தப் பக்கம் பெரிய ஆர்வமில்லை. வழக்கு இன்னும் நீதிமன்றத்தில் இருக்கிறது, தீர்ப்பு வரும்வரை அவர் குற்றம் சாட்டப்பட்டவர்தான். ஆகவே இந்தப் பதிவில் நான் சொல்லும் குற்ற விவரங்கள் எல்லாம் அரசுத் தரப்பின் குற்றச்சாட்டு என்றே எடுத்துக்கொள்ளுங்கள். என் கேள்வி வேறு. எல்லோரும் எல்லோரையும் அறிந்த ஒரு ஊரில், ஒரே குடும்ப வட்டத்தில் பதினான்கு வருஷத்தில் ஆறு பேர் செத்திருக்கிறார்கள். அந்த ஆறு சாவுக்கும் தொடர்பு இருக்கலாம் என்று அதிகாரபூர்வமாக ஒருவர் எழுத ஏன் 2019 வரை ஆயிற்று? என் வாதம் இதுதான்: நெருங்கி வாழும் ஊரில் நடக்கும் தொடர் கொலைகளில், துப்பறிபவர் முதலில் கண்டுபிடிக்க வேண்டியது கொலையாளியை இல்லை, கொலையை. கொலை நடந்திருக்கிறது என்று தெரிந்துவிட்டால் ஆளைப் பிடிப்பது பெரும்பாலும் எளிது. தெரியாமல் போவதற்குக் காரணம் தடயம் இல்லாதது இல்லை. தடயம் நாலு வீட்டில், நாலு கோப்பில் சிதறிக் கிடக்கிறது; அதைக் கூட்டிப் பார்க்கிற கடமை யாருக்கும் தரப்படவில்லை.

அந்த ஆறு சாவையும் வரிசையாகப் பாருங்கள். 2002 ஆகஸ்ட்: ஜாலியின் மாமியார், ஓய்வுபெற்ற ஆசிரியை, ஆட்டிறைச்சிச் சூப் குடித்தபின் சுருண்டு விழுந்தார். அதற்கு முன்பும் அவருக்கு இதே போல உடம்பு முடியாமல் போயிருந்தது. 2008 ஆகஸ்ட்: மாமனார். 2011: கணவர். 2014 பிப்ரவரி: போஸ்ட்மார்ட்டம் வேண்டும் என்று நின்றாரே, அந்தத் தாய்மாமன். அதே ஆண்டு மே: கணவரின் பங்காளி வீட்டு இரண்டு வயதுப் பெண் குழந்தை, அண்ணனின் முதல் நற்கருணை விருந்தன்று சாப்பிட்டதைத் தொடர்ந்து. 2016 ஜனவரி: அந்தக் குழந்தையின் தாய், தாமரச்சேரியில் ஒரு பல் மருத்துவமனையில் காத்திருக்கும்போது. 2017இல் அந்தப் பங்காளிக்கும் ஜாலிக்கும் கல்யாணம் ஆயிற்று. இப்படி ஒரே மூச்சில் படித்தால் ரத்தம் உறைகிறது. ஆனால் ஊர்க்காரர்கள் இப்படி ஒரே மூச்சில் படிக்கவில்லை. முதலுக்கும் இரண்டாவதுக்கும் நடுவே ஆறு வருஷம். வயதானவருக்கு நெஞ்சுவலி என்றால் யார் சந்தேகப்படுவார்கள்? குழந்தைக்குத் தொண்டையில் உணவு அடைத்துவிட்டது என்றால் அழுவார்களா, ஆராய்வார்களா? ஒவ்வொரு சாவுக்கும் அந்தந்தச் சமயத்தில் பொருந்துகிற ஒரு விளக்கம் இருந்தது. ஒவ்வொரு விளக்கமும் தனித்தனியாக நியாயமானதே. ஆறையும் ஒன்றாக வைத்தால் மட்டும்தான் அது நொறுங்கும்.

சயனைடு இதற்கு வசதியான விஷம். உடம்பின் செல்கள் ஆக்ஸிஜனைப் பயன்படுத்த முடியாமல் தடுத்துவிடும். ரத்தத்தில் ஆக்ஸிஜன் இருந்தும் செல் மூச்சுத் திணறும். நிமிஷக் கணக்கில் ஆள் சாய்ந்துவிடுவார். பார்ப்பவர்களுக்கு அது மாரடைப்பாகவோ வலிப்பாகவோதான் தெரியும். நகைத்தொழிலில் தங்கத்தைச் சுத்தம் செய்யப் பயன்படுவதால் நகைப்பட்டறை வழியாக அது கைக்கு வருவதும் அரிதல்ல. இந்த வழக்கில் சயனைடு கொடுத்ததாகக் குற்றம் சாட்டப்பட்டவர்களில் ஒருவர் நகைக்கடை ஊழியர், மற்றவர் பொற்கொல்லர். ஆக, கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாத ஒரு சாவு இது. ஆய்வுக்கூடம்தான் சொல்ல வேண்டும். ஆய்வுக்கூடத்துக்கு உடல் போக வேண்டுமானால் போஸ்ட்மார்ட்டம் வேண்டும். ஆறில் ஒன்றுக்குத்தான் அது நடந்தது. அதுவும் ஒரு தாய்மாமனின் பிடிவாதத்தால் நடந்ததே தவிர, சட்டமோ மருத்துவமனையோ கேட்டு நடந்ததில்லை.

இனி ஊரைப் பற்றி. பள்ளிவாசல், மூணாறு, தேவிகுளம் பக்கத்து எஸ்டேட்டுகளில் லயத்தில் வாழ்கிறவர்களுக்கு நெருக்கம் என்றால் என்ன என்று சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரே கூரை, ஒரே நீளச் சுவர், நடுவில் ஒரு செங்கல் கனம்தான் அடுத்த வீடு. யார் வீட்டில் என்ன குழம்பு, யார் ராத்திரி இருமினார்கள், யார் மஸ்டருக்கு வரவில்லை என்பது காலை கொழுந்துக்குக் கூடையைத் தூக்குமுன் தெரிந்துவிடும். இப்படிப்பட்ட இடத்தில் எதையும் மறைக்க முடியாது என்று நாம் நம்புகிறோம். அந்த நம்பிக்கைதான் ஆபத்தானது என்கிறேன். நெருங்கிய ஊரில் தகவல் இருக்கிறது, ஆனால் அது துண்டுதுண்டாக இருக்கிறது. அக்காவுக்கு ஒரு துண்டு, மாமாவுக்கு ஒரு துண்டு, மருந்துக்கடைக்காரருக்கு ஒரு துண்டு. தன்னிடமுள்ள துண்டைச் சந்தேகமாக வெளியே எடுத்து வைக்கிறவர், நாளைக்கும் அதே குழாயடியில் தண்ணீர் பிடிக்க வேண்டும், அதே கல்யாணத்துக்கு மொய் எழுத வேண்டும். சந்தேகம் பொய்யானால் அவர்தான் ஊர் எதிரி. ஆகவே ஒவ்வொருவரும் தன் துண்டைப் பெட்டியில் பூட்டி வைக்கிறார். ஊருக்கு எல்லாம் தெரியும் என்று நாம் சொல்வது, ஊரில் எல்லாம் சிதறிக் கிடக்கிறது என்ற பொருளில் மட்டுமே உண்மை.

ஜாலி விஷயத்தில் இதற்கு வெட்டவெளிச்சமான ஒரு சாட்சி உண்டு. கோழிக்கோடு என்.ஐ.டி.யில் விரிவுரையாளர் வேலை என்று சொல்லிக்கொண்டு அவர் வருஷக்கணக்கில் தினமும் காலையில் அடையாள அட்டையோடு கிளம்பிப் போயிருக்கிறார். அங்கே அப்படி ஒரு விரிவுரையாளரே இல்லை. அந்தக் கல்லூரி எங்கோ டெல்லியிலா இருக்கிறது? அதே மாவட்டத்தில், சாத்தமங்கலத்தில். அந்த ஊரிலிருந்து அங்கே படிக்கப் போனவர்கள், வேலைக்குப் போனவர்கள் இருந்திருப்பார்கள். ஒரு போன் போட்டிருந்தால் தெரிந்திருக்கும். யாரும் போடவில்லை, ஏனென்றால் போடுவதற்குக் காரணமே இல்லை. தெரிந்த மனுஷியை யார் விசாரிப்பார்கள்? பழக்கம் என்பதே விசாரணையைத் தள்ளிப்போடும் ஏற்பாடு. நாம் அன்றாடம் நிம்மதியாக வாழ அது தேவை. அதே ஏற்பாடுதான் இங்கே கேடாக முடிந்தது.

2019இல் இதை உடைத்தவர் ஊரில் இல்லாத ஒருவர். அமெரிக்காவில் வாழ்ந்த, இறந்த கணவரின் தம்பி. அவருக்கும் அவருடைய சகோதரிக்கும் முதலில் வந்த சந்தேகம் சாவைப் பற்றியதுகூட இல்லை, சொத்தைப் பற்றியது. அப்பா எழுதியதாகச் சொல்லப்பட்ட உயில் போலி என்று பட்டது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப்போட்டு அண்ணனின் போஸ்ட்மார்ட்டம் அறிக்கையை வாங்கினார். சோறும் கடலையும் அதில் இருந்தன. புகார் கொடுத்தபோது முதலில் சொத்துத் தகராறு என்றுதான் ஒதுக்கினார்கள். பிறகு ஸ்பெஷல் பிராஞ்சில் எஸ்.ஐ. ஜீவன் ஜார்ஜ் தந்த அறிக்கை, கோழிக்கோடு ரூரல் எஸ்.பி.யாக இருந்த கே.ஜி. சைமனின் மேசைக்குப் போனது. சைமன் அதைத் திருப்பி அனுப்பவில்லை. தனிப்படை அமைத்தார். அந்தப் படை என்ன செய்தது என்பதைக் கவனியுங்கள். யாரையும் கைது செய்யவில்லை, பேட்டி கொடுக்கவில்லை. வாரக்கணக்கில் சத்தமில்லாமல் பழைய தாள்களைத் தேடியது: உயில், நிலப் பதிவு, வரி ரசீது, என்.ஐ.டி.யின் பணியாளர் விவரம், தொலைபேசி அழைப்புகள், ஆறு சாவின்போதும் அந்தந்த இடத்தில் இருந்தவர்கள் யார் என்ற பட்டியல். 2019 அக்டோபர் 4ஆம் தேதி தேவாலயக் கல்லறைகளைத் தோண்டினார்கள். மறுநாள் கைது. தடயவியல் கருவியோ வாக்குமூலமோ இந்த வழக்கைத் திறக்கவில்லை. 2011லேயே அரசாங்க அலமாரியில் இருந்த ஒரு தாள் திறந்தது.

இதே கதை இங்கிலாந்தில் நடந்திருக்கிறது, ஏறக்குறைய ஒரே அச்சில். மான்செஸ்டர் பக்கத்தில் ஹைட் என்ற சிறு நகரம். ஹரால்ட் ஷிப்மன் அங்கே குடும்ப மருத்துவர், ஊரே மதித்தவர். தன் நோயாளிகளுக்கு, பெரும்பாலும் வயதான பெண்களுக்கு, மார்பின் வகை ஊசி போட்டுக் கொன்றார். 1998 மார்ச்சில் பக்கத்து கிளினிக்கின் டாக்டர் லிண்டா ரெனால்ட்ஸ், இவருடைய நோயாளிகளின் தகனப் படிவங்கள் அளவுக்கு மீறி வருகின்றன என்று மரண விசாரணை அதிகாரியிடம் சொன்னார். போலீஸ் விசாரித்து ஒன்றுமில்லை என்று அடுத்த மாதமே மூடியது. அதற்குப் பிறகும் மூன்று பேரைக் கொன்றார். மாட்டிக்கொண்டது எதில் தெரியுமா? கடைசியாகச் செத்த மூதாட்டி தன் சொத்தை எல்லாம் டாக்டருக்கு எழுதிவைத்ததாக ஒரு உயில் வந்தது. அவருடைய மகள் வழக்கறிஞர், அம்மாவின் விவகாரங்களைத் தானே கவனித்து வந்தவர், பார்த்ததும் போலி என்று சொல்லிவிட்டார். 2000இல் பதினைந்து கொலைகளுக்குத் தண்டனை. ஜேனட் ஸ்மித் தலைமையில் நடந்த விசாரணை, 215 பேரை அவர் கொன்றார் என்று முடிவுக்கு வந்தது. கூடத்தாயியிலும் உயில், ஹைட்டிலும் உயில். இதிலிருந்து எனக்குப் படுவது ஒன்று: சொத்து போனால் கேள்வி கேட்க ஒரு வாரிசு இருக்கிறார், சட்டம் அவருக்கு ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது. உயிர் போனால் கேள்வி கேட்க அப்படி ஒரு கதவு இல்லை. ஒரு சர்வே நம்பர் கைமாறினால் எத்தனை ஆபீஸில் எத்தனை பேர் கையெழுத்துப் போடுகிறார்கள்! வீட்டில் ஒரு மனுஷி செத்தால் காரணம் என்ன என்று வீட்டார் சொல்வதை எழுதிக்கொள்கிறோம். 2020ஆம் ஆண்டில் இந்தியாவில் பதிவான சாவுகளில் மருத்துவர் காரணம் எழுதிச் சான்றளித்தவை 22.5 சதவீதம்தான்.

உயிலும் இல்லாத, வழக்கறிஞர் மகளும் இல்லாத, அமெரிக்கத் தம்பியும் இல்லாத ஆட்களின் கதி என்ன? இங்கே நம் ஆட்களின் பேர் வருகிறது. 2022இல் பத்தனம்திட்டா மாவட்டம் இலந்தூரில் நரபலி என்று நாடே அதிர்ந்த வழக்கு. செத்த இரண்டு பெண்களில் ஒருவர் தருமபுரிக்காரர், கொச்சியில் தெருவில் லாட்டரி விற்றுப் பிழைத்தவர். செப்டம்பர் 26ஆம் தேதி காணாமல் போனார். தினமும் போனில் பேசுகிற தாய் பேசவில்லை என்று குடும்பம் உடனே கடவந்திரா ஸ்டேஷனுக்குப் போனது. போலீஸ் கேமரா பதிவுகளைப் பார்த்தது, அவர் ஏறிய வண்டியைப் பிடித்தது, இரண்டு வாரத்தில் இலந்தூர் போய்ச் சேர்ந்தது. அங்கே போன பிறகுதான், ஜூன் மாதமே காணாமல் போன இன்னொரு பெண்ணும் அதே வீட்டில் கொல்லப்பட்டிருந்தது வெளிவந்தது. அவரும் லாட்டரி விற்றவர். அவரைக் காணவில்லை என்ற புகார் ஆகஸ்டிலேயே காலடி ஸ்டேஷனில் இருந்தது. ஒரே தொழில் செய்யும் இரண்டு பெண்கள் மூன்று மாத இடைவெளியில் மறைந்திருக்கிறார்கள். ஒரு ஸ்டேஷனின் ஏடு இன்னொரு ஸ்டேஷனின் ஏட்டோடு பேசியிருந்தால் தருமபுரிப் பெண் உயிரோடு இருந்திருப்பாரா? உறுதியாகச் சொல்ல முடியாதுதான். ஆனால் கேள்வி கேட்கிற உரிமை அந்தக் குடும்பத்துக்கு உண்டு.

கடல் தாண்டியும் இதே நிலைமை. டொராண்டோவில் சர்ச் அண்ட் வெல்லஸ்லி பகுதியில், ஒருவரையொருவர் நன்கு அறிந்த தன்பாலீர்ப்பாளர் சமூகத்தில், 2010 முதல் 2017 வரை எட்டு ஆண்களை புரூஸ் மெக்ஆர்தர் கொன்றார். அவர்களில் இருவர் இலங்கைத் தமிழர். ஒருவர் அந்த வட்டாரத்தில் எல்லோருக்கும் பழக்கமானவர். அவரைக் காணவில்லை என்று நண்பர்கள் சுவரொட்டி ஒட்டினார்கள், போலீஸும் தனி விசாரணை நடத்தியது, வெறுங்கையோடு மூடியது. இன்னொருவர் 2010இல் சன் சீ கப்பலில் கனடா போய்ச் சேர்ந்த 492 தமிழர்களில் ஒருவர். அகதி மனு நிராகரிக்கப்பட்டவர். அவரைக் காணவில்லை என்று யாரும் புகாரே கொடுக்கவில்லை. நாடுகடத்தலுக்குப் பயந்து ஒளிந்திருக்கிறார் என்று சொந்தக்காரர்கள் நினைத்துக்கொண்டார்கள். கொலையாளி பிடிபட்ட பிறகுதான் இவர் காணாமல் போனதே போலீஸுக்குத் தெரிந்தது. அங்கே நீதிபதி குளோரியா எப்ஸ்டீன் தலைமையில் போலீஸ் விசாரணையையே விசாரித்து 2021இல் அறிக்கை வந்தது. எட்டுக் கொலைக்கும் தண்டனை கிடைத்த பிறகும் போலீஸின் தவறுகளை ஊர் முன்னால் வைத்துப் பேசினார்கள். அந்த வழக்கம் நமக்கு இன்னும் வரவில்லை.

பாலக்காட்டுப் பக்கம் வந்தால் நெஞ்சு கனக்கிறது. வாளையாறில் 2017 ஜனவரி 13ஆம் தேதி பதிமூன்று வயதுச் சிறுமி தூக்கில் கிடந்தாள். போஸ்ட்மார்ட்டத்தில் பாலியல் கொடுமையின் அறிகுறி இருந்தது. ஏழு வாரம் கழித்து, மார்ச் 4ஆம் தேதி, அதே வீட்டில் அவளுடைய ஒன்பது வயதுத் தங்கையும் அதேபோல். அது கொலையா தற்கொலையா என்பதில் இன்றுவரை சண்டை. சி.பி.ஐ. தற்கொலை என்றது, தாய் மறுத்தார், குற்றம் சாட்டப்பட்டவர்களை விடுவித்த தீர்ப்பை உயர் நீதிமன்றம் 2021இல் ரத்து செய்தது. அந்தச் சண்டையில் நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை, சொல்லத் தேவையும் இல்லை. எது உண்மையானாலும், முதல் பெண்ணின் அறிக்கையை ஜனவரியிலேயே அதற்குரிய கனத்தோடு படித்திருந்தால் மார்ச்சில் அந்த வீட்டின் நிலைமை வேறாக இருந்திருக்கும்.

நென்மாறா அதைவிடக் கொடியது, ஏனென்றால் அங்கே மர்மமே இல்லை. அங்கே போத்துண்டியில் 2019 ஆகஸ்டில் செந்தாமரா என்பவர் பக்கத்து வீட்டுப் பெண்ணை வெட்டிக் கொன்றார். தன் மனைவி தன்னை விட்டுப் பிரிந்ததற்கு அந்தப் பெண்தான் காரணம் என்று ஒரு மூடநம்பிக்கை. ஜாமீனில் வந்தார். நென்மாறாவுக்குள் நுழையக் கூடாது என்பது நிபந்தனை. நுழைந்தார், அதே வீட்டில் குடியிருந்தார். இறந்த பெண்ணின் குடும்பம் சில வாரங்கள் முன்பே போலீஸில் புகார் கொடுத்தது. 2025 ஜனவரி 27ஆம் தேதி அந்தப் பெண்ணின் கணவரையும் மாமியாரையும் வெட்டிக் கொன்றார். பிறகு ஸ்டேஷன் அதிகாரி சஸ்பெண்ட் ஆனார்; 2019 கொலைக்கு 2025 அக்டோபரில்தான் ஆயுள் தண்டனை வந்தது. கொலையாளி யார் என்று தெரியும், எங்கே இருக்கிறார் என்று தெரியும், யாரை வெறுக்கிறார் என்று தெரியும். முதல் கொலைக்கும் அடுத்து வரக்கூடிய கொலைக்கும் உள்ள தொடர்பை அந்தக் குடும்பமே எழுதிக் கையில் கொடுத்திருக்கிறது. இதற்கு மேல் துப்பறிய என்ன இருக்கிறது?

இதற்கு எதிராக நல்ல கேள்விகள் உண்டு. முதலாவது: நடந்து முடிந்த பிறகு புள்ளிகளைச் சேர்ப்பது யாருக்கும் எளிது, தற்செயலாகவும் ஒரு குடும்பத்தில் அடுத்தடுத்துச் சாவு விழுமே என்பது. இதை லேசாகத் தள்ளிவிட முடியாது. நெதர்லாந்தில் லூசியா டி பெர்க் என்ற நர்ஸ் வேலை செய்த நேரங்களில் நோயாளிகள் அதிகம் செத்தார்கள் என்று, இது தற்செயலாக நடக்க 34.2 கோடியில் ஒரு வாய்ப்புத்தான் என்று கணக்குக் காட்டி, 2003இல் ஆயுள் தண்டனை கொடுத்தார்கள். கணக்கே தப்பு. அந்தச் சாவுகள் கொலை என்பதற்கே சான்று இல்லை. 2010இல் நிரபராதி என்று விடுவித்தார்கள். அதற்குள் அவர் வாழ்க்கையின் ஆறு வருஷத்துக்கு மேல் சிறையில் கரைந்துவிட்டது. ஆகவே தொடர்பு தெரிகிறது என்பது குற்றத்துக்குச் சான்று ஆகாது. அது எங்கே தோண்ட வேண்டும் என்று மட்டும் காட்டும். ஒவ்வொரு சாவையும் தனித்தனியே நிரூபிக்க வேண்டும். கூடத்தாயியிலேயே இது கண்முன் நிற்கிறது: தோண்டியெடுத்த உடல்களில் நான்கில் சயனைடோ வேறு விஷமோ தென்படவில்லை என்று ஆய்வுக்கூடம் சொல்லிவிட்டது. வருஷக்கணக்கில் மண்ணில் கிடந்த உடலில் சயனைடு தங்காமல் போவது இயல்பே. ஆனால் நீதிமன்றத்தில் அந்த இன்மை எதிர்த்தரப்புக்குத்தான் உதவும், உதவவும் வேண்டும். இதுவே என் வாதத்தை இன்னும் இறுக்குகிறது என்று நினைக்கிறேன். 2002இல் ஒரு குப்பி ரத்தம் எடுத்திருந்தால், ஜாலி குற்றவாளி என்றாலும் நிரபராதி என்றாலும், விஷம் உண்டா இல்லையா என்பது அன்றே தெரிந்திருக்கும். தாமதம் கொலையாளிக்கு மட்டும் உதவுவதில்லை, பொய்யாகப் பழி சுமக்கிறவருக்கும் அதுவேதான் தூக்குக்கயிறு.

இரண்டாவது எதிர்ப்பு எனக்கு இன்னும் நெருக்கமானது. ஊரில் ஒவ்வொரு சாவையும் சந்தேகமாகப் பார்க்கத் தொடங்கினால் ஊர் ஊராக இருக்குமா? பிணத்தை அறுக்கக் கூடாது என்று அழுகிற தாயிடம் போய் என்ன சொல்வது? இன்னொன்றும் உண்டு: சந்தேகம் என்று வந்தால் அது முதலில் போய் நிற்பது மருமகள் மேல், விதவை மேல், தனியாக வாழும் பெண் மேல், வேற்றூரிலிருந்து வந்தவர் மேல். போத்துண்டியில் ஒரு பெண்ணைக் கொன்றதே இப்படி ஒரு சந்தேகம்தானே. இதை முழுமனதோடு ஒப்புக்கொள்கிறேன். அதனால்தான் சந்தேகப்படும் வேலையை அக்கம்பக்கத்தாரிடம் கொடுக்கக் கூடாது, ஒரு அலுவலகத்திடம் கொடுக்க வேண்டும் என்கிறேன். ஷிப்மனுக்குப் பிறகு இங்கிலாந்தும் வேல்ஸும் அதைத்தான் செய்தன, செய்து முடிக்க இருபது வருஷத்துக்கு மேல் எடுத்துக்கொண்டாலும். 2024 செப்டம்பர் முதல், மரண விசாரணை அதிகாரியிடம் போகாத எந்தச் சாவானாலும், அந்த நோயாளியோடு சம்பந்தமில்லாத இன்னொரு மருத்துவர் குறிப்புகளைப் படித்துப் பார்த்த பிறகே பதிவாகும். குடும்பத்தாரிடமும் உங்களுக்கு ஏதாவது உறுத்தல் உண்டா என்று கேட்பார்கள். எல்லாச் சாவுக்கும் கேட்பதால் யாரையும் குற்றம் சாட்டியதாக ஆகாது. கேள்வி கேட்டவர் அண்ணியோ மாமனோ இல்லை என்பதால் உறவும் முறியாது. அந்தத் தாய்மாமன் மாதிரி ஒருவர் தன்னந்தனியாக நிற்க வேண்டிய நிலைமையே வராது.

ஆள் இல்லை, பணம் இல்லை, மலையில் எங்கே போய் மருத்துவரைத் தேடுவது என்பது மூன்றாவது. நான் மேலே சொன்னவற்றைத் திரும்பப் பாருங்கள். கூடத்தாயியில் போஸ்ட்மார்ட்டம் ஏற்கெனவே செய்தாகிவிட்டது. வாளையாறிலும் அப்படியே. காலடியில் புகார் இருந்தது, நென்மாறாவில் புகார் இருந்தது. எங்குமே புதிதாகச் செலவு கேட்கவில்லை, இருக்கிற தாளைப் படிக்கத்தான் ஆள் இல்லை. இயற்கைக்கு மாறான சாவு என்றால் போலீஸ் நேரில் போய் அறிக்கை எழுத வேண்டும் என்று பழைய 174ஆம் பிரிவும் சொன்னது, 2024 ஜூலையில் வந்த புதிய சட்டத்தின் 194ஆம் பிரிவும் சொல்கிறது. அந்த அறிக்கையும் போஸ்ட்மார்ட்டமும் ஆய்வுக்கூட முடிவும் வந்து சேர்ந்த பிறகு, கோப்பை மூடுமுன், வழக்கை எழுதாத வேறொரு அதிகாரி மூன்றையும் ஒருசேர வாசித்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்று ஒரு உத்தரவு போதும். அந்த வீட்டில், அந்த உறவு வட்டத்தில், இதற்கு முன் இப்படிச் சாவு உண்டா என்ற ஒரு கேள்வியையும் அந்தத் தாளில் சேர்த்தால், 2011இலேயே மாமியாரும் மாமனாரும் அதே தாளில் வந்திருப்பார்கள்.

நம் மூணாறு மலைக்கு இதில் தனியாக ஒரு சிக்கல் உண்டு. எஸ்டேட்டில் ஒருவர் செத்தால் சில குடும்பங்கள் உடலைப் போடிமெட்டு வழியாகவோ மறையூர் வழியாகவோ சொந்த ஊருக்குக் கொண்டுபோய்விடுகின்றன. சாவு கேரளத்தில், அடக்கம் தமிழ்நாட்டில். ஊருக்குப் போனவர் அங்கே செத்தால் இங்கே பஞ்சாயத்துக்கே தெரியாது. ஒரே குடும்பத்தில் ஒரு சாவு தேவிகுளம் தாலூகா ஏட்டிலும் அடுத்தது தேனி மாவட்ட ஏட்டிலும் இருந்தால், அந்த இரண்டையும் ஒன்றாகப் பார்க்கிற கண் எனக்குத் தெரிந்து அரசாங்கத்தில் இல்லை. இரண்டு மாநிலமும் இப்போது பிறப்பு இறப்பைக் கணினியில்தான் பதிகின்றன. பள்ளிவாசல் பஞ்சாயத்துக்கும் போடிநாயக்கனூருக்கும் நடுவே அந்தப் பதிவுகள் ஒன்றையொன்று பார்க்கும்படி செய்யுங்கள் என்று பஞ்சாயத்து உறுப்பினர்களிடமும் எம்.எல்.ஏ.விடமும் கேட்கலாம். அடுத்த கிராம சபைக்கு முன் இதை மனுவாக எழுத விரும்புகிறவர்கள் இந்தப் பதிவில் உள்ளதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்.